விமானத்தோடு விமானியும் வாடகைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இண்டிகோ நிறுவனம் துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து குத்தகைக்கு எடுத்து இயக்கிவந்த இரண்டு போயிங் 777 விமானங்களுக்கு, 2025 மே மாத இறுதியில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ மூன்று மாத ‘இறுதி’ நீட்டிப்பு அளித்தது. அந்த இறுதி முடிந்தபின் மேலும் ஆறு மாதம் கிடைத்தது என்பது வேறு கதை. அந்த மாதம் நடந்த இந்தியா–பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தானை ஆதரித்ததால் அப்போது நாடெங்கும் எழுந்த கோபத்தில், அந்த விமானங்களின் காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற கேள்வி அமுங்கிப்போனது. துருக்கி நமக்கு நெருங்கிய நட்பு நாடாக இருந்திருந்தாலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

விமானத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்து நம் விமானிகளைக் கொண்டு ஓட்டுவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. ‘வெட் லீஸ்’, ‘டேம்ப் லீஸ்’ எனப்படும் முறைகளிலோ விமானத்தோடு விமானிகளும் சேர்ந்தே வருகிறார்கள். பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு. டேம்ப் லீஸில் கேபின் ஊழியர்களை மட்டும் நம் நிறுவனம் அனுப்பும். பயணச்சீட்டில் இண்டிகோவின் குறியீடான ‘6இ’ இருக்கும். விமானத்தின் பின்பகுதியில் இந்தியப் பதிவான ‘விடி’ என்ற எழுத்துகளுக்குப் பதிலாகத் துருக்கியின் ‘டிசி’யோ நார்வேயின் ‘எல்என்’னோ இருக்கும்.

பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறால் பல விமானங்கள் தரையில் நின்ற நாட்களில் நிறுவனத்துக்கு வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் தொடங்கிய சேவைகள் நெருக்கடிக்கான ஏற்பாடு அல்ல, விரிவாக்கம். அதற்கும் நார்வேயின் நார்ஸ் அட்லாண்டிக் நிறுவனத்தின் போயிங் 787 விமானங்களே விமானிகளோடு வந்தன. ஏர்பஸ் ஏ350 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நிறுவனம், அவை வரும்வரை நெடுந்தூரச் சேவையில் பழகிக்கொள்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். விமான நிலைய ஊழியர்களும் கேபின் ஊழியர்களும் பழகுவார்கள், சரி. காக்பிட்டில் சேரும் அனுபவமோ குத்தகை முடியும் நாளில் அந்த விமானிகளோடு நார்வேக்குப் போய்விடும். பிறகு ஏ350-ஐ ஓட்ட யாரைத் தேடுவார்கள்?

என் உறவினர் மகள் ஒருத்தி, வணிக விமானி உரிமத்துக்கான 200 மணி நேரப் பறத்தலை முடித்துவிட்டு, வீட்டை அடகு வைத்து வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு வேலைக்கான அழைப்பை எதிர்பார்த்திருக்கிறாள். அவளை நாளைக்கே 777-இல் உட்கார வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை; வைக்கவும் கூடாது. சிறிய விமானமான ஏ320-ஐ ஓட்டும் மூத்த கேப்டன் பெரிய விமானத்துக்குப் போனால் அவர் இடத்துக்குத் துணை விமானி உயர்வார், துணை விமானியின் இடத்துக்குப் புதியவர் வருவார். மேல்படியைக் குத்தகைக்காரருக்குக் கொடுத்துவிட்டால் கீழ்ப்படியில் நிற்பவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இதில் வெளிநாட்டு விமானிகளின் திறமையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்த புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள்பலத்தைத் திட்டமிடாததால், 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தானதை நாம் பார்த்தோம். சொந்த விமானிகளைச் சேர்த்துப் பயிற்றுவிப்பதைவிட, விமானிகளோடு வரும் விமானத்தை எடுப்பது கணக்குப் பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தோன்றும். அப்படி வருபவர்களின் பணிநேரமும் ஓய்வும் குத்தகை தரும் நிறுவனத்தின் நாட்டு விதிகளின்படி அமைவதால் அந்தத் தலைவலியும் இல்லை.

ஆகவே, விமானத்தை உண்மையில் இயக்குவது எந்த நிறுவனம் என்பதைப் பயணி பணம் கட்டும் முன்பே பெரிய எழுத்தில் காட்டுவதை டிஜிசிஏ கட்டாயமாக்க வேண்டும். நீட்டிப்புக் கேட்டு வரும் நிறுவனம், முந்தைய குத்தகைக் காலத்தில் தன் விமானிகளில் எத்தனை பேரைப் பெரிய விமானங்களுக்குப் பயிற்றுவித்தது என்பதை எழுத்தில் தரட்டும்; தர முடியாத நிறுவனத்துக்கு இன்னொரு ‘இறுதி’ நீட்டிப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.