ரேஸர், பிளேடு தயாரிப்பாளர்களுக்கு: பெட்டியின் மேல் அளவைப் போடுங்கள்

சேஃப்டி ரேஸரும் பிளேடும் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

இருபக்கமும் கூர் உள்ள ஒற்றை பிளேடைப் பொருத்திச் சவரம் செய்கிற ரேஸரை விரும்பிப் பயன்படுத்துகிறவர்களில் நானும் ஒருவன். புதிதாக இதற்கு மாற நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ரேஸர் வாங்கலாம், எந்த பிளேடு போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு உங்கள் பெட்டியைப் பார்த்தே அவர்கள் விடை தெரிந்துகொள்ளும் நிலை வரவேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

இப்போது பெட்டியில் என்ன இருக்கிறது? மின்னும் கைப்பிடியின் படம், "சொகுசான சவரம்", "உயர்தரம்", "வாழ்நாள் முழுக்க உழைக்கும்". முகத்தில் படப்போவது பிளேடின் விளிம்பு. அந்த விளிம்பு எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல ஓர் எண்கூட இல்லை. செருப்புக்கடையில் அளவு எண்ணே இல்லாமல் ஜோடிகளை அடுக்கிவைத்து, "எல்லாமே சொகுசாக இருக்கும், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

நான் கேட்பது பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உங்கள் வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்கள்தான். முதலாவது, பிளேடு இடைவெளி. பிளேடின் விளிம்புக்கும் அதற்குக் கீழே உள்ள காப்புப் பட்டைக்கும் நடுவே இருக்கும் தூரம் அது. பொதுவாக 0.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் மென்மையான ரேஸர், 0.9, 1 என்று போனால் கடுமையானது; இடையில் உள்ளவை நடுத்தரம். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். பிளேடின் தடிமனே 0.1 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அரை மில்லிமீட்டரின் கனம் புரியும்.

ஆனால் இடைவெளியை மட்டும் போட்டால் போதாது. மேல் மூடியையும் கீழ்ப் பட்டையையும் தொடும்படி ஒரு நேர்க்கோடு போட்டால், பிளேடின் விளிம்பு அந்தக் கோட்டுக்கு வெளியே நீள்கிறதா, சரியாகக் கோட்டிலேயே நிற்கிறதா, உள்ளே ஒடுங்கியிருக்கிறதா என்பது இன்னொரு அளவு. இதுதான் தோலில் உணரப்படுவது. ஒரே இடைவெளி கொண்ட இரண்டு ரேஸர்களில் ஒன்று தோலை வருடிக்கொண்டு போவதும், மற்றொன்று சுரண்டுவதும் பெரும்பாலும் இந்த நீட்டத்தால்தான். கூடவே, ரேஸரின் தலை பிளேடை விளிம்புக்கு எவ்வளவு அருகில் இறுகப் பிடிக்கிறது என்பதும் உண்டு. பிடி தளர்ந்தால் மெல்லிய பிளேடு முடியில் மோதும்போது அதிர்கிறது. அந்த அதிர்வு கழுத்தில் எரிச்சலாக முடிகிறது. இதற்கு எண் போடுவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டுக்கும் அந்தச் சிரமம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிறவருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை "மென்மையான ரேஸரில் தொடங்குங்கள், அதுதான் பாதுகாப்பு" என்பது. எல்லா முகத்துக்கும் இது பொருந்தாது. தினமும் சவரம் செய்கிற, மெல்லிய முடி உள்ள ஒருவருக்கு மென்மையான ரேஸர் அருமையாக அமையும். கம்பி போன்ற அடர்ந்த தாடியை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை எடுக்கிறவர் அதே ரேஸரைப் பிடித்தால் ஒரே இடத்தில் நான்கைந்து தடவை இழுக்க வேண்டிவரும். முடி போகவில்லையே என்று கை தானாக அழுத்தும். தோல் சிவந்து, அடுத்த நாள் சட்டைக் காலர் பட்டாலே எரியும். அவருக்கு நடுத்தர ரேஸரைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு இழுப்பில் வேலை முடிந்துவிடும். எத்தனை முறை பிளேடு தோலின் மேல் போகிறது என்பதும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ந்ததுதான். பெட்டியில் எண் இருந்தால் இந்த இருவரும் தங்களுக்கானதைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிச் செய்ய முடியாது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் உங்கள் துறையே செய்துகாட்டியிருக்கிறது. 1950களின் இறுதியில் ஜில்லெட் கொண்டுவந்த திருகிச் சரிசெய்யும் ரேஸரில் 1 முதல் 9 வரை எண்கள் இருந்தன. எண்ணைக் கூட்டினால் இடைவெளி கூடும், அவ்வளவுதான். நம் காலத்தில் ராக்வெல் 6எஸ் ரேஸருக்கு 1 முதல் 6 வரை எண் பொறித்த அடித்தட்டுகள் வருகின்றன. எஃகைக் கடைந்து ரேஸர் செய்யும் சிறு பட்டறைகள் சில, இடைவெளியை மில்லிமீட்டரிலேயே போட்டு விற்கின்றன. சிறியவர்கள் செய்வதைப் பெரியவர்களால் செய்ய முடியாதா?

அடுத்து பிளேடு. இதில் உங்கள் துறைக்கு ஒரு பெருமை உண்டு, அதை முதலில் சொல்ல வேண்டும். இந்த வகை ரேஸருக்குக் கிங் கேம்ப் ஜில்லெட் 1904ல் பெற்ற காப்புரிமை 1921ல் முடிந்தது. இன்று எந்த நிறுவனத்தின் பிளேடும் வேறு எந்த நிறுவனத்தின் இரட்டை விளிம்பு ரேஸரிலும் பொருந்துகிறது. பிளேடுகள் பதித்த தலையை அப்படியே கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேஸர் உலகத்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது. கைப்பிடி யாருடையதோ பெரும்பாலும் அவரிடமே தலையையும் வாங்கியாக வேண்டும். இங்கே வாங்குகிறவர் கையில் தேர்வு இருக்கிறது. ஆனால் தேர்வு செய்யத் தேவையான தகவல் மட்டும் இல்லை.

பிளேடு பெட்டியில் "பிளாட்டினம்" என்று பெரிதாகப் போடுகிறீர்கள். அது விளிம்பின் மேல் படிந்த மிக மெல்லிய படலம். சிலவற்றில் குரோமியம், அதற்கு மேல் உராய்வைக் குறைக்க டெஃப்லான் வகைப் பூச்சு. நல்ல விஷயம்தான். ஆனால் பிளாட்டினம் என்று போட்ட இரண்டு பிளேடுகளில் ஒன்று மிகக் கூராகவும் இன்னொன்று மந்தமாகவும் இருக்கிறது. கூர்மை வேறு, வழுவழுப்பு வேறு. ஜப்பானின் ஃபெதர் பிளேடு கூர்மைக்குப் பேர்போனது. அதை மென்மையான ரேஸரில் போட்டால் சிலருக்குச் சவரம் பிரமாதமாக இருக்கும்; கடுமையான ரேஸரில் போட்டு, கையும் பழகாமல் இருந்தால் இரத்தம்தான். அதே கடுமையான ரேஸரில் சற்று அடக்கமான பிளேடு போட்டால் அருமையாகப் போகும். ரேஸரும் பிளேடும் சேர்ந்துதான் ஒரு சவரம். தனித்தனியாக எது சிறந்தது என்ற கேள்விக்கே விடை கிடையாது. உங்கள் பிளேடுகளை உங்களுக்குள்ளேயே ஒப்பிட்டு, எங்கள் வரிசையில் இது கூர்மை அதிகம், இது மிதம் என்று பெட்டியில் ஓர் அளவுகோல் போட்டால்கூடப் போதும். பல பிளேடுகளின் மூலைகளில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருப்பீர்களே, எந்த விளிம்பைப் பயன்படுத்தினோம் என்று நினைவு வைத்துக்கொள்ள. அந்தச் சின்ன எஃகுத் தகட்டிலேயே எண்ணுக்கு இடம் கிடைக்கிறதென்றால் பெட்டியில் கிடைக்காதா?

கலப்புப் பொட்டலங்களும் வேண்டும். உங்களில் பலர் நான்கைந்து பெயர்களில் பிளேடு செய்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து வைத்து ஒரே பெட்டியாக விற்றால், புதியவர் தன் முகத்துக்கு எது ஒத்துவருகிறது என்று ஒரே ரேஸரில், ஒரே சோப்பில் வைத்துப் பார்த்துவிடுவார். இப்போது நடப்பது என்ன? யாரோ சொன்னார்கள் என்று நூறு பிளேடு வாங்கி, ஒத்துவராமல் தொண்ணூற்றைந்தை அலமாரியில் போட்டு வைக்கிறார்கள். அப்புறம் இரட்டை விளிம்பு ரேஸரே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். ஒருவருக்குப் பிடித்த பிளேடு இன்னொருவருக்குப் பிடிக்காது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு பிளேடு எத்தனை சவரத்துக்கு வரும் என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். 2020ல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கலாம். முடி, பிளேடு எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும், முடி வளைந்து கொடுக்கும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது. கூர் வட்டமாகி மழுங்குவது மட்டும் நடப்பதில்லை, சில்லும் போகிறது. அதனால் தாடிக்குத் தாடி ஆயுள் மாறும். மூன்று முதல் ஏழு சவரம் என்று ஒரு வரம்பு போடுங்கள், "முடியை இழுக்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். மொக்கையான பிளேடை அழுத்தி ஓட்டுவதால் வரும் காயங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் தவிர்ந்துவிடும்.

உள்ளே வைக்கும் தாளும் அப்படித்தான். "முகத்தை நனைக்கவும், நுரை தடவவும், மழிக்கவும்" என்பதோடு பல தாள்கள் முடிந்துவிடுகின்றன. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடியை வெட்டக் குறைந்த விசையே போதும், அதைச் சொல்லுங்கள். கைப்பிடியைத் தோலிலிருந்து சாய்த்து, பிளேடு சுமார் 30 பாகையில் படவேண்டும். ரேஸரின் எடையே போதும், கை அழுத்தக் கூடாது. முதல் சுற்று முடி வளரும் போக்கிலேயே போகவேண்டும், கழுத்தில் அந்தப் போக்கு இடத்துக்கு இடம் மாறும். கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகியவருக்கு இந்த அழுத்தம் பற்றிய வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

இங்கே ஒருவகை வாடிக்கையாளரைத் தனியாக நினைவுபடுத்த விரும்புகிறேன். சுருள் முடி உள்ளவர்கள். 1971ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததிலிருந்து, ஒரு பிளேடு முடியை இழுக்க அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுவதை நன்மையாகவே விளம்பரம் செய்கிறார்கள். சுருள் முடிக்கு அது நன்மை இல்லை. கீழே வெட்டுப்பட்ட முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்து, கழுத்தெல்லாம் வீங்கிய புள்ளிகளாகிறது. ஒற்றை பிளேடு தோல் மட்டத்திலேயே வெட்டுவதால் இவர்களில் பலருக்கு நிம்மதி தருகிறது. ஏற்கெனவே வலியோடு வருகிறவர்கள் இவர்கள். இவர்கள் கையில் தவறான ரேஸர் போய்ச் சேர்ந்தால் நேரும் துன்பம் மற்றவர்களுக்கு நேர்வதைவிட அதிகம். எனக்கு இந்த மடலை எழுதத் தோன்றியதே பெரும்பாலும் இவர்களை நினைத்துத்தான்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். "முழுக்க உலோகம்" என்பது விடை ஆகாது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துக் குரோம் முலாம் பூசியதா, பித்தளையா, எவர்சில்வரா, அலுமினியமா என்று எழுதுங்கள். துத்தநாகக் கலவை மோசமானது என்று நான் சொல்லவில்லை. குறைந்த விலையில் நல்ல தலைகள் அதில் வருகின்றன. ஆனால் முலாம் உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் அது அரிக்கும், திருகும் மறையை அளவுக்கு மீறி இறுக்கினால் ஒடியும். அதைத் தெரிந்து வாங்குகிறவர் விரலிறுக்கத்தோடு நிறுத்துவார், சவரம் முடிந்ததும் கழற்றி உலரவைப்பார். அந்தக் கலவையின் மேல் "வாழ்நாள் முழுக்க" என்று போடுவது மட்டும் சரியில்லை.

சில சின்ன விஷயங்கள். பிளேடைத் தாளில் ஒட்டவைக்க மெழுகுப் பொட்டு வைக்கிறீர்களே, அது தலையின் உள்ளே ஒட்டிப் படிந்து, காலப்போக்கில் பிளேடைச் சமமாக உட்காரவிடாமல் செய்கிறது. மெழுகில்லாமல் மடித்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பிளேடின் இரு நுனிகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலைகளை விட, மூடி அவற்றை மறைக்கும் தலைகள் காது ஓரத்திலும் மூக்கின் கீழும் நல்லவை. பழைய பிளேடைப் போட டப்பாவின் பின்பக்கம் ஒரு பிளவு வைப்பதைச் சிலர் செய்கிறார்கள், அதை எல்லோரும் செய்தால் குப்பை அள்ளுகிறவர்களின் விரல்கள் தப்பிக்கும்.

அளவைப் போட்டால் கடுமையான ரேஸர் விற்காதோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். அடர்ந்த தாடிக்காரர்கள் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எது கடுமையானது என்று தெரியாததால்தான் வாங்காமல் இருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வார்டு என்ற நிறுவனம், பூச்சு போட்ட துருப்பிடிக்காத எஃகு பிளேடைக் கொண்டுவந்தது. ஒரே பிளேடில் பல சவரம் செய்ய முடிந்ததும் மக்கள் அதைத் தேடிப் போனார்கள். 1963ல் ஜில்லெட்டும் தன் துருப்பிடிக்காத எஃகு பிளேடோடு வந்தாக வேண்டியிருந்தது. ஒருவர் முன்னே போனால் மற்றவர்கள் பின்னே வருவார்கள்.

பெட்டியில் இடம் பற்றாது என்றால் இவ்வளவு போதும், ஓர் உதாரணத்துக்கு எழுதுகிறேன்:

இடைவெளி 0.70 மி.மீ. விளிம்பு நீட்டம் 0.05 மி.மீ. எடை 80 கிராம். துத்தநாகக் கலவை, குரோம் முலாம். நடுத்தரம்.

அடுத்த முறை அச்சுக்கு அனுப்பும் பெட்டியில் இந்த வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரேஸரைப் பயன்படுத்துகிற ஒருவன்