நீ அனுப்பிய திட்டத்தைப் பற்றி

சுன்னாகம்

அன்பு மச்சான்,

கறித்தூள் மில் திட்டத்தை அனுப்பிவிட்டு என் பதிலுக்கு மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். மன்னித்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்கால் நோ மட்டும் அப்படியே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபது பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். மெஷின் விலை, சம்பளம், ஒரு கிலோ கறித்தூளுக்கு என்ன மிஞ்சும், எல்லாம் சுத்தமாக இருக்கிறது. கணக்கு வாத்தியார் பார்த்தால் உன்னைத் தட்டிக்கொடுத்திருப்பார். ஆனால் மில் மதிலுக்கு வெளியே நடப்பது ஒன்றுமே அதில் இல்லை.

செத்தல் மிளகாயை, அதுதான் காய்ந்த மிளகாயை, எடு. இங்கே விற்பதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதம் 360. ஒரு கிழமை தூள் விற்ற காசுக்கு அடுத்த கிழமை அதே எடை செத்தல் வாங்க முடியவில்லை. கொப்பியில் லாபம் என்று எழுதிவிட்டு, மூடை எடுக்கக் கடன் கேட்டுத் திரிந்தேன். அந்த வருட ஆகஸ்டில் கரண்ட் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஜூனில் திரும்ப 15 ஏறியது. நீயோ ஐந்து வருடத்துக்கும் ஒரே கட்டணம் போட்டிருக்கிறாய்.

2006 ஆகஸ்டில் சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 தரைப்பாதை பூட்டியபோது மூலைக்கடை அண்ணையின் வியாபாரத்துக்கு நடந்தது உனக்கு மறந்துபோயிருக்காது. அவரைவிடக் கவனமான வியாபாரி இந்த ஊரில் இருந்தாரா?

வாங்குகிற ஆட்களையும் யோசி. கனடாவில் எங்கள் வயதுக்காரர் தூளை ஊரிலிருந்து எடுப்பிப்பார்கள். உன் மகள் எடுப்பிப்பாளா? அவளிடமே கேட்டு எழுது, எனக்கு உண்மையிலேயே தெரியவேண்டும். ஐரோப்பாவுக்கு அனுப்புவதென்றால் மிளகாய்த்தூளில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மாரியில் ஈரம் பிடித்த செத்தல் ஒரு மூடை கலந்தாலே முழுச் சரக்கும் போய்விடும்.

செய்யாதே என்று சொல்லவில்லை மச்சான். டொலர், கரண்ட், மழை, சட்டம், சனம் என்று இன்னொரு பக்கம் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது மாறினால் முதல் கிழமையே நாங்கள் என்ன செய்வோம் என்று போடு. நான் இப்போது ஆந்திராவின் குண்டூர்ப் புது மிளகாய் சந்தைக்கு வரும் மாசி, பங்குனியில் மூன்று மாதச் சரக்கு எடுத்து வைக்கிறேன். டொலர் துள்ளினாலும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கரண்டுக்கு இன்னும் வழி பிடிபடவில்லை. கூரையில் சோலார் போட விலை கேட்டிருக்கிறேன்.

நீ போடப்போவது இருபத்தைந்து வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசு. அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? அந்தப் பக்கத்தையும் எழுதிக்கொண்டு வா. பூங்காவனம் முடிய இருந்து கதைப்போம். முற்பணம் மட்டும் அதற்கு முதல் யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்