ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் மணியைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பகலில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மறுபடி நடந்தேன், இரவு படுத்தேன், அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு நன்றி மடலா என்று கேட்பீர்கள். போர்வைக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அன்று முழுக்க ஒரு தடவைகூட நான் என் கணுக்காலைப் பற்றி நினைக்கவில்லை. அப்படி ஒரு நாளை எனக்குத் திரும்பக் கொடுத்தவர்கள் நீங்கள். நேரில் சொல்ல வந்தால் "அட, இதுக்கெல்லாமா" என்று ஆளாளுக்கு வாயை அடைத்துவிடுகிறீர்கள். எழுதிவிட்டால் குறுக்கே பேச முடியாது அல்லவா?

விவரம் தெரியாதவர்களுக்கு: செப்டம்பர் கடைசியில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் ஊன்றுகோல். மணி எங்கள் நாய், வயது எட்டரை. "மணி என்ன?" என்று யார் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பான். கடிகாரப் பைத்தியம் பிடித்த ஆள் இருக்கிற வீட்டில் அவனுக்கு அப்படி ஒரு பெயர் வைத்தது என் தப்புதான்.

எதிர்வீட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நாய் வந்தால் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறவர் நீங்கள். நான் விழுந்த மறுநாள் காலை வாசலில் வந்து நின்று, "கயிறைக் குடு, யோசிக்க விடாத, யோசிச்சா திரும்பிப் போயிடுவேன்" என்றீர்கள். முதல் வாரம் பாம்பின் வாலைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு போனதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையும் மாலையும், பத்து வாரம். உங்கள் செருப்பை அவன் கடித்துக் குதறியதை நீங்கள் கடைசிவரை சொல்லவேயில்லை. உங்கள் மகன் சொல்லித்தான் தெரியும். இப்போது அவசியமே இல்லாமல் எங்களோடு நடக்க வருகிறீர்கள். செவ்வாய்க்கிழமையும் வந்தீர்கள். தெருக்கோடி வரை நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா? அது எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டரம்மா, நீங்கள் மணிக்குத்தான் வைத்தியம் பார்க்கிறவர், எனக்கு இல்லை. ஆனாலும் ஊன்றுகோலோடு வந்து, "பாவம், முன்ன மாதிரி இவனை ஓட்டிக்கிட்டுப் போக முடியலையே" என்று நான் புலம்பியபோது, "தூரம் எதுக்கு? மூக்குக்கு வேலை குடுங்க, போதும். அவன் எங்க நிக்கிறானோ அங்க நில்லுங்க" என்றீர்கள். நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம்தான், அவனுக்குப் பத்துக் கோடிக்கு மேல் என்று நீங்கள் சொன்ன பிறகுதான், இத்தனை வருஷமாக நான் அவனை ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் இழுத்துக்கொண்டு போனது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரிந்தது. இப்போது நிற்கிறோம். ஒரே புதரடியில் நான்கு நிமிடம். நாய் மோப்பம் பிடிக்கும்போது வெளிமூச்சை மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக விடுமாம், எதிரே உள்ள வாசனை கலையாமல் இருப்பதற்காக. குளிர்ந்த காலையில் குனிந்து உற்றுப் பார்த்தால் அந்த ஆவி இரண்டு பக்கமும் பிரிவது தெரிகிறது. குனிய முடிகிறது என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குக் காரணம் பிசியோதெரபி தம்பி. கண்ணை மூடிக்கொண்டு என்னை நடக்கச் சொல்லிக் கேட்பீர்கள். "உங்க நடையைப் பார்க்கறதைவிடக் கேட்கறது ஈஸி. ரெண்டு சத்தமும் ஒரே மாதிரி விழணும்." முதல் மாதம் விழவில்லை. திட்டாமல் இருந்ததற்கு நன்றி. ஒருநாள் திட்டியதற்கும் நன்றி, அன்று நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் கடிகாரம். இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், பரணில் கிடந்த பழைய ஊசல் கடிகாரத்தை மாடிவீட்டுப் பெண் இறக்கிக் கொடுத்தாள். ஒரு கடையில் முன்பே காட்டி, "காயலான் சரக்கு" என்று திருப்பி அனுப்பப்பட்ட கடிகாரம் அது. சாவி கொடுத்தால் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். யாரோ ஒருவர் மூலம் உங்கள் தொலைபேசி எண் கிடைத்தது, ஐயா. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கடிகாரக்காரர், என்னை முன்பின் பார்த்ததில்லை. போனை ஊசல் பக்கத்தில் வைக்கச் சொன்னீர்கள். அரை நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். "நொண்டுது" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

டிக்குக்கும் டக்குக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி இல்லையாம். "பெட்டியைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சுப் பாரு... இன்னும்... இன்னும் ஒரு நூல்... அங்கதான்." சுவரில் கோணலாகத் தெரிகிறதே என்றேன். "கண்ணுக்கு நேரா இருந்து என்ன பண்றது? காதுக்கு நேரா இருக்கட்டும்" என்றீர்கள். அன்றிலிருந்து நிற்கவில்லை.

ஆனால் டிசம்பரில் வேகமாக ஓட ஆரம்பித்தது. வாரத்துக்கு அரை நிமிடம். நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோய் உங்களை மறுபடி எழுப்பினேன். நீங்கள் சிரித்தீர்கள். குளிரில் ஊசலின் எஃகுத் தண்டு சுருங்கும். ஊசல் குட்டையானால் வேகமாக ஆடும். 10 டிகிரி குறைந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 விநாடி முந்தும். பழுது இல்லை, பருவம்தான். குண்டுக்கு அடியில் இருக்கும் திருகை ஒரு துளி தளர்த்தி, குண்டை இறக்கி, ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் பார்த்து இன்னொரு துளி. இதை அவசரமாகச் செய்ய வழியே கிடையாது. செவ்வாய்க்கிழமை என் மொத்த வேலையும் அந்தத் திருகைக் கால் சுற்று திருப்பியதுதான். மீதி நேரம் வெயில் விழுகிற பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருந்தேன், மணியும் கூடவே நகர்ந்தான்.

மணிக்கு இந்தக் கடிகாரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவன் வெளிச்சத்தைப் பார்த்து எழுகிறவன். டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிற மிகக் குறுகிய பகல் தாண்டிவிட்டால் சீக்கிரம் விடியும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, அதற்குப் பிறகும் சில வாரங்கள் விடியல் இன்னும் தள்ளித் தள்ளித்தான் போகிறது. சாயங்காலம்தான் முதலில் நீள்கிறது. அந்தக் கொஞ்ச நாளும் அவன் என்னை ஒன்றிரண்டு நிமிடம் தாமதமாகத்தான் எழுப்பினான். அதற்கு அவனுக்கும் ஒரு நன்றி.

மாடிவீட்டுப் பெண்ணே, உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. பரணில் ஏறியது மட்டுமில்லை, செவ்வாய்க்கிழமை இரவு வாசலில் எங்களை நிறுத்தி, ஓரியன் என்கிற விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கிற மூன்று விண்மீன்களைப் பிடித்துக் கீழே கோடு இழுத்துச் சிரியஸைக் காட்டினாயே. இரவு வானில் அதைவிடப் பிரகாசமான விண்மீன் இல்லை, அது இருக்கிற கூட்டத்துக்கே பெருநாய் என்று பெயர், 8.6 ஒளியாண்டு தூரம் என்றாய். அப்படியானால் இப்போது நாம் பார்க்கிற வெளிச்சம் மணி பிறந்தபோது கிளம்பியது என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "இல்ல, பிறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி" என்று திருத்தினாய். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். சரி, இரண்டு பேர். மணி கம்பத்தை மோந்துகொண்டிருந்தான்.

சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்தவர்கள், மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றிப் போனவர்கள், எனக்காக வரிசையில் நின்றவர்கள் என்று இன்னும் பலர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவராக எழுதினால் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிடுவேன். வாசலில் பார்க்கும்போது கையைப் பிடித்துச் சொல்கிறேன், தயவுசெய்து "இதுக்கெல்லாமா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நன்றியுடன்,
மணி வீட்டிலிருந்து

பி.கு.: வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அன்பு மிகுதியில் சுவர்க் கடிகாரத்தை நேராக்கிவிட்டுப் போகிறீர்கள். அது கோணலாக இல்லை. அப்படியே விட்டுவிடுங்கள்.