சர்க்கரைச் சொம்பு

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள சேக்காளி,

சுகம்தானே? தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில் "புத்தகம் நல்லா இருந்துச்சு" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டாய். இத்தனை வருஷத்தில் நீ எதையும் மூன்று வார்த்தையில் முடித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் கடிதம். போனில் கேட்டால் ஓசூர்க் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய்.

அறுபதாம் கல்யாணத்துக்கு நீ வராததால் அங்கே நடந்த கூத்து உனக்குத் தெரியாது. நான் எழுதின நினைவுக் கட்டுரைகளை வடக்குமாசி வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் புத்தகமாக 200 பிரதி அடித்து, தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுத்தேன். பெரிய யோசனை என்று நினைப்பு. சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்யப் போனால், நாற்காலிகளின் மேல் முப்பது நாற்பது புத்தகம் கிடக்கிறது. தேங்காய் ஒன்றுகூட இல்லை.

எடுத்துப் போனவர்கள் படித்தும்விட்டார்கள், அதுதான் இப்போது தொந்தரவு. ஆபீஸ் ஆட்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். உன் மதினி, "என்னைப் பத்தின நாலு பக்கமும் சரி, மத்ததெல்லாம் ரீல்" என்கிறாள். அவளைப் பற்றி எழுதியதில்தான் நான் அதிகம் ரீல் விட்டிருக்கிறேன், அதை யார் போய்ச் சொல்வது? தம்பி மகன் இரண்டு கட்டுரை படித்துவிட்டு, "பெரியப்பா, இதுல கதை எங்க இருக்கு?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்.

பெரிய சண்டை தீக்குச்சிக் கட்டுரைக்குத்தான். அப்பா பழைய பிளேடால் தீக்குச்சியை நெடுக்கே கீறி ஒன்றை இரண்டாக்குவாரே, நீயும் பார்த்திருக்கிறாய். மருந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டால் மறுபாதி பற்றாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கீறுவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. அவ்வளவு பாடுபட்டுக் கீறிய அரைக்குச்சி அடுப்புக்குப் போவதற்குள் அணைந்துவிடும். அம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு அரைக்குச்சியை எடுப்பாள். இதைத்தான் எழுதியிருந்தேன். ஆபீஸில் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாராம்.

மேலூரிலிருந்து அக்கா பஸ் பிடித்து வந்தது. காப்பி வேண்டாம் என்றது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "கேலி பண்ணினது சரி. எந்த வருசம் கீறினாருன்னு எழுதலையே? நீ காலேஜ் படிச்ச மூணு வருசம்தான்டா கீறினாரு. அதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல முழுக்குச்சிதான்" என்றது. சத்தியமாக மாப்ளே, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. அவர் பிறவியிலேயே கஞ்சன் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

ஆனால் அக்கா சொல்கிறபடி எழுதியிருந்தால் அது இரங்கல் கூட்டப் பேச்சாகியிருக்கும். அப்பாவே இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். இதை அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கேட்டதும் காப்பி குடித்தது.

அப்புறம் நம் தமிழையா. வயது ஏறிவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. பிரதியைக் கொண்டு கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். மார்க் போடுவார் என்று போனால், உ.வே.சா.வைப் பிடித்துக்கொண்டார். 1940இல் ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு எண்பத்தைந்தாவது வயது. அத்தனை ஏட்டைத் தேடிப் பதிப்பித்தவர், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போனதையும், முதலியார் அசையாமல் உட்கார்ந்திருந்து, இதனாலெல்லாம் என்ன பயன் என்று கேட்டதையும், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றதும் தான் முழித்ததையும் ஒளிக்காமல் எழுதிவைத்தாரே, அதுதானடா சுயசரிதை என்றார். "உன் புத்தகத்துல நீ எங்க முழிக்கிற? அப்பா முழிக்கிறாரு, பொண்டாட்டி முழிக்கிறா, சேக்காளி முழிக்கிறான்."

நான் விடுவேனா? பாரதி எட்டயபுரம் ஜமீனைக் கிழிக்கவில்லையா என்றேன். 1904இல் நம் சேதுபதி பள்ளியில் பாடம் நடத்தியவர் என்பதால் அவரை இழுத்தால் ஐயா அடங்குவார் என்று ஒரு கணக்கு. ஐயா சிரித்தார். "சின்னச் சங்கரன் கதையில அவர் ஊர்ப் பேரையே கவுண்டனூர்னு மாத்திக்கிட்டாரு. பாட்டுக் கட்டித் திரியிற அந்தச் சங்கரன் யாரு? தன்னையும் சேர்த்துல்ல வச்சாரு. நீ பேரைக்கூட மாத்தலை." வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அழகர் ஆற்றில் இறங்குகிற கட்டுரை. நாம் ஏழாவது படித்த வருஷம். உங்கம்மா செம்பு நிறையச் சர்க்கரை போட்டு, வாழையிலையால் வாயைக் கட்டி, மேலே சூடம் ஏற்றி எடுத்துப் போக உன்னை அனுப்பினாள். கருப்பசாமி வேஷக்காரர் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியதில் சூடம் அணைந்து, கூட்டத்தில் இலையும் கிழிந்தது. தங்கக் குதிரை நம் பக்கம் திரும்புவதற்குள் சொம்பில் பாதி காலி. நீதான் அள்ளி அள்ளித் தின்றாய் என்று எழுதியிருக்கிறேன். எல்லாரும் ரசித்த இடம் அதுதான். தம்பி மகன்கூட அங்கே சிரித்தானாம்.

தின்றது நான். சொம்பைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன் என்று வாங்கி, நீ குதிரையைப் பார்க்க எக்கி நின்றபோதெல்லாம் அள்ளினேன். வீட்டில் அடி வாங்கியது நீ. அன்றைக்கும் நீ என் பேரைச் சொல்லவில்லை, போன வாரமும் சொல்லவில்லை. எழுதும்போது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நீ தின்றதாகப் போட்டால் சிரிப்பு கூடுதலாக வரும் என்று தோன்றியது, போட்டுவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உன் பிரதியில் 41ஆம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. உன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொள். மண்டபத்திலிருந்து பொறுக்கி வந்ததெல்லாம் பரண்மேல்தான் இருக்கிறது, அதில் நான் திருத்திக்கொள்கிறேன். தங்கச்சியிடமும் சொல்லிவிடு. அது உன்னைச் சர்க்கரைத் திருடன் என்று கூப்பிடுவதாக உன் மகன் சொன்னான்.

இப்படிக்கு,
பக்கத்து பெஞ்சுக்காரன்