சாவித் துவாரத்தில் ஒரு குளவி

உ
சிவமயம்

பள்ளத்தூர்

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது.

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. முன்னோருக்குப் படைக்கிற நம் படைப்புக்கு வருவதற்கு முன்னால் ஆள் வைத்து வீடு முழுக்க மருந்து அடித்துவிடச் சொன்னாய். பாப்பா பல்லியைக் கண்டாலே வீறிட்டு அழுகிறாள் என்றாய். போன வாரம் குளியலறையில் ஒரு சிலந்தியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லையாமே. "சரி ஆத்தா, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, வாயில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்து அடிக்கப் போவதில்லை. கோபப்படாமல் முழுவதும் படி.

திங்கட்கிழமை இரண்டாம் கட்டில் சாமான் அறையைத் திறக்கப் போனேன். அண்டா, தாம்பாளம் எல்லாம் வெளியே எடுத்துத் துலக்க வேண்டுமே. சாவி பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. துரு ஏறியிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், அப்போதும் போகவில்லை. ஒரு கம்பியை விட்டு நோண்டியதும் காய்ந்த மண் உதிர்ந்தது. மண்ணோடு சிலந்திகளும் விழுந்தன. மிளகு அளவில் ஏழு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். செத்தவை என்றுதான் நினைத்தேன். ஒன்றின் கால் மட்டும் மெல்ல மடங்கி, மெல்ல விரிந்தது.

அப்போதுதான் அது வந்தது. நீலமும் பச்சையுமாக மின்னும் ஒரு குளவி, இடுப்பு நூல் மாதிரி, வாயில் ஈர மண் உருண்டை. கதவுக்கு முன்னால் மேலும் கீழுமாகப் பறந்து துவாரத்தைத் தேடியது. கரண்ட் வேலைக்கு வந்திருந்த பையன் செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டான். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, கலைச்சிடாதீங்க. குளவி கூடு கட்டினா வீட்ல புள்ள உண்டாகும்." நான் கம்பியும் கையுமாக நடுவில் நின்றேன். ஒரே பூச்சிதான். அந்தப் பையனுக்கு அது கொட்டுகிற ஒன்று, அந்த அம்மாவுக்கு அது பிள்ளை வரம்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவன் நான். பார்த்த உடனே அது என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டது. தாய்க்குளவி சிலந்தியைக் கொட்டும், ஆனால் கொல்லாது. அசைய முடியாதபடி செய்து தூக்கி வந்து துவாரத்துக்குள் அடுக்கும். ஒன்றின் மேல் ஒரு முட்டை இட்டு, வாசலை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளரும். செத்த இரை அழுகிவிடும், மயங்கிக் கிடக்கும் இரை கெடாது. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கூட்டில் புழு இருந்ததையும் பார்த்தார்கள், பிறகு குளவி வெளியே வந்ததையும் பார்த்தார்கள். நடுவில் நடந்தது மண்ணுக்குள் மறைந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் புழு குளவியின் சொந்தப் பிள்ளை. இந்தக் குளவிக்குக் காக்க வேண்டிய கூட்டமும் கிடையாது, தனியாக இருப்பது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய நம்மைத் தேடி வந்து கொட்டாது.

சாமான் அறையை இன்னும் திறக்கவில்லை. அண்டாவுக்குப் பங்காளி வீட்டில் சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் சின்ன உயிர்களோடு பழகியதெல்லாம் பாதி பெயரிலேயே இருக்கிறது, கவனித்திருக்கிறாயா? கறுப்பாகக் குட்டியாக ஓடுகிற எறும்புக்குப் பிள்ளையார் எறும்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயருக்கு அப்புறம் அதை யார் நசுக்குவார்கள்? அப்பத்தா வாசலில் அரிசி மாவில்தான் கோலம் போடுவாள். சுண்ணாம்புக் கல்பொடி விற்க வந்தவனிடம், "அதை எறும்பு திங்குமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். பல்லி கத்தினால் அப்பத்தா பேச்சை நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று பார்ப்பாள். மேலே விழுந்தால் முதலில் பஞ்சாங்கம், அப்புறம்தான் குளியல். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று சிரிப்பதும் அவளேதான். அதில் எல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் பல்லியைப் பார்த்து அலறியதும் இல்லை. ஈசலும் அப்படித்தான். ஒரு வீட்டில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துவார்கள், அடுத்த தெருவில் விளக்கடியில் துணியை விரித்து ஈசலைப் பிடித்து, அரிசியோடு வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நாலு வயதில் முதல் மழை விட்டதும் ஊருணிக் கரைச் செம்மண்ணில் போய் உட்கார்ந்துவிடுவாய். தம்பலப்பூச்சி பொறுக்கத்தான். சிவப்பு வெல்வெட்டில் கிள்ளி எடுத்த மாதிரி இருக்குமே, அதுதான். சங்கப் பாட்டில் அதற்கு மூதாய் என்று பெயர். உண்மையில் அது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால், சிலந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. நீ அதைத் தீப்பெட்டியில் புல்லோடு வைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாய். காலையில் நானும் நீயும் போய்த் திருப்பி விட்டுவிட்டு வருவோம். அந்தப் பிள்ளைதான் இன்றைக்குச் சிலந்திக்கு மருந்து அடிக்கச் சொல்கிறது. அது உன் தப்பு இல்லை ஆத்தா. அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தவன் நான்.

1995 ஐப்பசி மழை. உனக்கு 6 வயது, தம்பிக்கு 3. அடுப்படிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் பந்து எடுக்கப் போன தம்பியைச் செந்தேள் கொட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான், உடம்பு வேர்த்துக் கொட்டியது, கைகால் சில்லிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுத்தது பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் விஷத்துக்கு அது கேட்கிறது என்று 1980களில் கண்டு எழுதினார். 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

தம்பி பிழைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். ஆனால் நான் பழைய ஆளாக வரவில்லை. மூலை முடுக்கெல்லாம் மருந்து அடித்தேன். விளக்குமாறும் கையுமாக அலைந்தேன். ஒன்றும் செய்யாத மரவட்டையைக்கூட விடவில்லை. ஒரு நாள் நீ பட்டாலையில் ஊஞ்சலில் இருந்தாய். மேலே உத்தரத்திலிருந்து ஒரு பல்லி உன் தோளில் விழுந்தது. நான் பாய்ந்து வந்து உன்னைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, அதைத் தரையில் போட்டு அடித்தேன். அறுந்த வால் ஆத்தங்குடிக் கல்லில் இருந்த மஞ்சள் பூவின் மேல் துள்ளிக்கொண்டே கிடந்தது. உனக்கு முதலில் அழுகை வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் அலறினாய்.

அந்த மழைக்குப் பிறகு நீ ஊருணிக் கரைக்கு வரவே இல்லை.

அமெரிக்காவில் சூசன் மினேகா என்ற உளவியல் பேராசிரியை 1980களில் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பு என்றால் பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்க்க வைத்தார். பார்த்தவையும் பயப்படத் தொடங்கிவிட்டன, பாம்பு தீண்டாமலே. அதைப் படித்த அன்று ஊஞ்சலும் உன் முகமும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. வகுப்பில் அத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னவன், வீட்டில் இருந்த பிள்ளைக்குச் சொல்லாமல் போனேன். உன்னிடம் இதை இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததற்கும் வருந்துகிறேன். இப்போது பாப்பா உன் முகத்தைப் பார்க்கிறாள்.

அவளுக்கு நீயே சொல்லு. பல்லி பசை எதுவும் தடவிக்கொண்டு சுவரில் ஒட்டவில்லை. அதன் காலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் நுனியும் இன்னும் நுண்ணியதாகப் பிரிந்திருக்கும், அது சுவரோடு அத்தனை நெருங்கிப் படிவதால்தான் பிடிப்பு. வாலைப் பிடித்தால் தானே கழற்றிவிட்டு ஓடும். மறுபடி முளைக்கும் வாலில் எலும்புக் கண்ணிகள் இருக்காது, குருத்தெலும்புதான். சாம்பாரில் விழுந்தால் கொட்டிவிட வேண்டியதுதான், அதன் உடம்பில் கிருமி இருக்கலாம். விஷப்பல்லோ விஷப்பையோ வீட்டுப் பல்லிக்குக் கிடையாது. மருந்து அடித்த அந்த வருஷம் கார்த்திகையில் வளவு முழுக்க ஈசல். தின்ன ஒரு பல்லி மிச்சம் இல்லை. அம்மா கூடை கூடையாக இறகு அள்ளினாள்.

அதற்காக எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. செந்தேள் விஷயத்தில் நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரிதாகக் கறுப்பாக இருக்கும் நட்டுவாக்காலியைப் பார்த்தால்தான் ஊரே பதறும், ஆனால் உயிருக்கு ஆபத்து அந்தச் சின்னச் செந்தேளிடம்தான். அதனால் விறகு, பழைய ஓடு, உடைந்த செங்கல் எல்லாவற்றையும் பின்கட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டேன். கதவடி இடுக்குகளை அடைத்தாயிற்று. நீங்கள் இருக்கும் நாள் வரை கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுகிறேன். கிணற்றடி மரத்தில் கதண்டு, அதாவது கூட்டமாக வந்து கொட்டும் பெரிய குளவி, கூடு கட்டினால் அன்றைக்கே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுவேன். பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டும். மற்றதை விட்டுவிடலாமே?

நம் மாவட்டத்திலேயே பொத்தகுடியில் 2020ல் தெருவிளக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பறக்கிற வரை ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊரார் தெருவிளக்கே போடவில்லை. ராத்திரி இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கு ஒரு சாமான் அறைதானே, ஆத்தா.

வரும்போது ரூபாய் நோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வா. என்னுடையது மங்கிவிட்டது. அந்த வெளிச்சம் பட்டால் தேள் பச்சையாக ஒளிரும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பின்கட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போவேன். போன மாதம் ஒன்று கிணற்றடிக் கல்லில் இருந்தது, முதுகு முழுக்க அரிசி மாதிரிக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு. இடுக்கியால் எடுத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து, ஊர் எல்லைக்கு அப்பால் பாறைப் பக்கம் விட்டுவிட்டு வந்தேன். அந்த ராத்திரிச் சுற்றுக்குப் பாப்பா வர வேண்டாம். நீ வா, ஒரு நாள் மட்டும். அவளுக்கு மூடின ஷூ ஒன்று எடுத்து வை. மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு.

சாவித் துவாரம் நேற்றுச் சாயங்காலம் மறுபடி அடைபட்டுவிட்டது. இந்தத் தடவை மண்ணுக்கு மேல் வெள்ளையாக ஏதோ பூசியிருக்கிறது.

அன்புடன்,
அப்பச்சி