பழைய கார்டு கடனும் மூணு வருஷ கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டுல கோர்ட் பக்கத்துல டைப்பிங் சென்டர் வச்சிருக்கேன். நோட்டீஸ், பெட்டிஷன்லாம் அடிச்சு குடுக்குறதுதான் தொழில். கொஞ்ச காலமா ஒரே மாதிரி கவரை எடுத்துகிட்டு ஜனங்க வர்றாங்க. எப்பவோ வாங்கின கிரெடிட் கார்டு, வேலை போயோ ஆஸ்பத்திரி செலவு வந்தோ கட்ட முடியாம நின்னுபோச்சு, இப்ப ஏழெட்டு வருஷம் கழிச்சு லீகல் நோட்டீஸ், கூடவே ஜெயிலுக்கு போவீங்கன்னு போன்ல மிரட்டல். கார்டு பாக்கி சிவில் விஷயம், கட்ட முடியலங்கறதுக்காக மட்டும் யாரையும் ஜெயில்ல போட முடியாதுன்னு இவங்களுக்கு யாரும் சொல்லல.

எத்தனை வருஷத்துக்குள்ள கேஸ் போடணும்னு சொல்ற 1963ம் வருஷத்து லிமிடேஷன் சட்டப்படி இந்த மாதிரி கடனுக்கு கேஸ் போட மூணு வருஷம்தான் டைம், பொதுவா பணம் கட்டாம நின்ன தேதியிலேர்ந்து கணக்கு. ஆனா வெறுமன விரல் விட்டு எண்ணி முடிவு பண்ணிடாதீங்க, கொரோனா சமயத்துல 2020 மார்ச் 15லேர்ந்து 2022 பிப்ரவரி 28 வரைக்கும் கணக்குல சேராதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அதனால 2018 ஜூன்ல நின்ன கடன் 2021ல முடிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் 2023 வரைக்கும் இழுத்திருக்கும். டைம் முடிஞ்சா கேஸ் போடுற வழிதான் அடைபடும், கடன் அழியாது, சிபில்ங்கற கடன் மதிப்பெண்ணும் அடி வாங்கும். முடிஞ்சவங்க பேசி கட்டிடறது நல்லதுதான், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல.

எனக்கு வயிறு எரியறது வேற இடத்துல. "சார் இப்ப சும்மா ஐநூறு ரூவா மட்டும் ஜிபே பண்ணுங்க, இந்த பேப்பர்ல ஒரு சைன் போடுங்க, கேஸ நிறுத்திடறோம்"னு வசூல் ஏஜெண்டுங்க சொல்றாங்க. போன வாரம் ஒரு பனியன் கம்பெனி டெய்லர் அப்படி ஒரு பேப்பர் கொண்டாந்தாரு, முழுக்க இங்கிலீஷ், கையெழுத்து போடுற கோட்டுக்கு மேல பொடி எழுத்துல மீதி தொகை முழுசையும் கட்டுறேன்னு ஒத்துக்குற வரி. அவருக்கு அத யாரும் படிச்சு காட்டல. மூணு வருஷத்துக்குள்ள பாக்கிய ஒத்துகிட்டு கையெழுத்து போட்டா அன்னிலேர்ந்து புதுசா மூணு வருஷம் ஓட ஆரம்பிக்கும். டைம் முடிஞ்ச பிறகும் கட்டுறேன்னு எழுதி கையெழுத்து போட்டா ஒப்பந்த சட்டம் 25வது பிரிவுல அது புது ஒப்பந்தம் ஆயிடும், அத வச்சு கேஸ் போடலாம். செத்த கடனுக்கு நாமளே உயிர் குடுத்த மாதிரி.

லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்துலேர்ந்து நோட்டீஸ் வந்தாலும் இதே பயம்தான். அங்க சமரசத்துக்கு ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஒத்துகிட்டு கையெழுத்து போட்டா அது டிகிரி, அதாவது கோர்ட் தீர்ப்பு மாதிரி, அப்பீலும் கிடையாது. நிஜமான கோர்ட் சம்மன் வந்தாதான் அசட்டையா இருக்கவே கூடாது. டைம் முடிஞ்ச கேஸ கோர்ட்டே தள்ளுபடி பண்ணணும்னு லிமிடேஷன் சட்டம் 3வது பிரிவு சொல்லுது, இருந்தாலும் நாம போய் அத எடுத்து சொல்லாம விட்டா நாம இல்லாமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆயிடலாம், டிகிரி ஆனா பன்னெண்டு வருஷம் வரைக்கும் துரத்துவாங்க.

வசூல் ஏஜெண்டுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 7க்கு மேலயும் போன் பண்ணக்கூடாதுன்னு 2022லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. பேங்க்ல எழுதி குடுத்து 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்ங்கற குறைதீர்ப்பு அதிகாரிகிட்ட போகலாம், காசு செலவு இல்ல, 14448க்கு போன் பண்ணி விவரம் கேக்கலாம்.

அமெரிக்காவுல காலம் கடந்த கடனுக்கு கலெக்ஷன் கம்பெனிங்க கேஸ் போடறதும், போடுவோம்னு மிரட்டுறதும் கூடாதுன்னு 2021லேர்ந்து ரூல் இருக்கு. இங்கயும் ரிசர்வ் பேங்க் அப்படி ஒண்ணு கொண்டு வரணும். வசூல் நோட்டீஸ் ஒவ்வொண்ணுலயும் கடைசியா பணம் கட்டின தேதி, கேஸ் போடுற டைம் இருக்கா முடிஞ்சுதா, ரெண்டையும் தமிழ்ல அச்சடிக்க சொல்லணும். கையெழுத்து கேக்குற பேப்பரும் தமிழ்ல இருக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு