புஷ்பக் பறக்கத் தொடங்கிவிட்டது

காட்பாடி

அன்புள்ள நண்பா,

நலம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவசரப்பட்டு மாடிப்படி ஏறாதே.

இங்கே கத்திரி வெயில். பதினொரு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நானும் ரெண்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு வேலையில் மூழ்கியிருக்கிறேன். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்: கம்ப்யூட்டரில் புஷ்பக் விமானம் கட்டுகிறேன்.

நீ காலேஜில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது ஏறினாயே, அதே புஷ்பக்தான். நான் தரைப்படைப் பிரிவில் இருந்தேன். நீ இறங்கி வந்த ராத்திரி மொட்டைமாடியில் சொன்னதையெல்லாம் கேட்டதோடு சரி. அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை.

ஃப்ளைட்கியர் என்று ஒரு விமான விளையாட்டு இருக்கிறது, காசு கிடையாது. நாமே ஒரு விமானத்தைச் செய்து அதில் சேர்க்கலாம். செஸ்னா மாதிரி வெளிநாட்டு விமானம் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனிக்காரர்கள் காட்கே என்ற எஞ்சினியர் தலைமையில் செய்து, 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்ட நம்மூர் விமானம். எத்தனையோ ஃப்ளையிங் கிளப் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வண்டி அது.

உருவம் வரைய மூன்று வாரம் ஆனது. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 36 அடி, மூக்கிலிருந்து வால் வரை 21 அடி. மேலே போர்த்தியிருப்பது துணி என்பதால், உள்ளே இருக்கும் சட்டங்கள் விலா எலும்பு மாதிரி வரிவரியாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மெல்லிய நிழல் விழும்படி தீட்டினேன். வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது பார்த்தால் நிஜத் துணிதான்.

ஆனால் உருவம் மட்டும் இருந்தால் அது பொம்மை. பறக்கும் குணத்தைக் கொடுக்க யாசிம் என்று ஒரு கணக்கு முறை இருக்கிறது. இறக்கை எங்கே, எவ்வளவு அகலம், எடை எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், எந்த வேகத்தில் ஓடும், எந்த வேகத்தில் இறங்கும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால், அதுவே தூக்குவிசையையும் காற்றின் இழுவையையும் சரிக்கட்டிக்கொள்ளும். நாம் கொடுத்தவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாவிட்டால் விடை வரவில்லை என்று நின்றுவிடும். நாலு நாள் அப்படியே நின்றது. எஞ்சின் எடையை ஒரு சாண் பின்னால் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் ரன்வேயில் ஓடவிட்டால் இடது பக்கமாகப் புல்லுக்குள் போய் விழுகிறது. தப்பு என்னுடையது என்று நினைத்து மறுபடி தேடினேன். தப்பே இல்லை. சீட்டிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் வலச்சுற்றாகச் சுற்றுகிறது. அது கிளப்பும் காற்று வாலில் மோதி மூக்கை இடப்பக்கம் தள்ளுகிறது. வாலில் இருக்கும் திருப்புப் பலகைதான் ரடர்; அதன் மிதியை வலது காலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு இது வாலில் சின்னச் சக்கரம் வைத்த விமானம். எடை பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், கொஞ்சம் திரும்பினாலும் மேலும் மேலும் திரும்பப் பார்க்கும். டிராக்டர் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்திருக்கிறாய் அல்லவா, அதே பாடுதான்.

நம் வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தின் ரன்வேயை நானே வரைந்து சேர்த்தேன். பாலாற்றை அந்த விளையாட்டு நீலத் தண்ணீராகக் காட்டியது. பார்க்கப் பொறுக்கவில்லை, மணலாக மாற்றிவிட்டேன். வேலூர்க் கோட்டையும் அகழியும் இன்னும் பாக்கி.

எனக்கு மனசு நிறைந்தது போன செவ்வாய்க்கிழமைதான். அதுவரை வெப்பம் 15 டிகிரி என்று வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று வெளியே அடித்த 41 டிகிரியை அப்படியே உள்ளே போட்டு, ரெண்டு ஆள் எடையும் ஏற்றினேன். ஓடுகிறது, ஓடுகிறது, எழும்பவே இல்லை. சூட்டில் காற்று லேசாகிவிடுகிறது. நம்மூர்த் தரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 அடிதான், ஆனால் அந்த வெயிலில் 4,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றைப் போல ஆகிவிடுகிறது. ஜவ்வாது மலை மேலே நின்று கிளம்புவதற்குச் சமம். எஞ்சினுக்கும் இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் காற்று போதவில்லை. இருப்பதே 90 குதிரைத்திறன். ரன்வே முடிகிற இடத்தில் சக்கரம் தரையை விட்டது. கீழே புளியமரங்கள் நெருங்கி வந்து, உரசாமல் தாண்டின. கை வேர்த்துவிட்டது எனக்கு.

"மெதுவாத்தாண்டா ஏறுச்சு, மாட்டு வண்டி மேடு ஏறுற மாதிரி" என்று அன்றைக்கு நீ சொன்னாய். அந்த வாக்கியத்தை வைத்துத்தான் இதைச் சரிபார்த்தேன்.

இப்போது உன் உதவி வேண்டும். புத்தகத்தில் கிடைக்காத விஷயங்கள் இவை. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்குமே, முன்னால் ரன்வே கொஞ்சமாவது தெரிந்ததா, இல்லை பைலட் வளைந்து வளைந்து ஓட்டினாரா? இறங்கும்போது எஞ்சின் வேகத்தைக் குறைக்க த்ராட்டில் கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்த பிறகு என்ன சத்தம் கேட்டது, கதவு தடதடத்ததா? வெளியே காற்று சீறியதா, விசிலடித்ததா? பெட்ரோல் வாசனை உள்ளே வந்ததா?

எப்படியும் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறாய். ஞாபகத்துக்கு வருகிற வரிசையிலேயே எழுது, ஒன்றையும் விடாதே.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
காட்பாடி நண்பன்